தோற்றவனுக்கு அடுத்த ஆட்டம் உண்டா?

2025-ஆம் ஆண்டு பொங்கல் விழாவின்போது நம் சங்க மண்டபத்தில் நடந்த ஒரு சிறு விபத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். யாருக்கும் அடிபடவில்லை. அடிபட்டது என் மானம் மட்டும்தான்.

அந்த ஆண்டு கோலப் போட்டி, மாறுவேடப் போட்டி இவற்றோடு 'இ-ஸ்போர்ட்ஸ்' போட்டியும் வேண்டும் என்று நம் இளைஞர் அணியினர் கேட்டார்கள். கணினியிலும் கைப்பேசியிலும் ஆடுகிற விளையாட்டை முறையான போட்டியாக நடத்துவதற்குத்தான் இந்தப் பெயர். செயற்குழுவில் இரண்டு கட்சிகள் உண்டாயின. "படிக்கிற பிள்ளைகளைச் சங்கமே கெடுப்பதா?" என்றது ஒரு கட்சி. "பதினைந்து வயதுக்கு மேல் ஒரு பிள்ளையும் சங்கத்துப் படியேறுவதில்லை. இதற்காவது வரட்டுமே!" என்றது மற்றொரு கட்சி. இரண்டாம் கட்சி ஜெயித்தது. போட்டி நிரல் தயாரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

காரணம் இருக்கிறது. டிப்ளமா முடித்து 1981-இல் ரயில்வேயின் சிக்னல் பிரிவில் சேர்ந்த நான், 2020-இல் ஓய்வு பெறும் வரை பூசாவல், இட்டார்சி, நாக்பூர் என்று எங்கே மாற்றினாலும் அங்குள்ள ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் வாலிபால் போட்டிகளை நடத்தி வந்தவன். "சார் கையில் கொடுத்துவிட்டால் கவலையில்லை" என்றார்கள். நானும் நம்பிவிட்டேன்.

கால்பந்து வீடியோ விளையாட்டு. பதினாறு பிள்ளைகள். சீட்டெழுதி எவர்சில்வர் டம்ளரில் போட்டுக் குலுக்கி எடுத்தேன். நாக்-அவுட் முறை. பதினைந்தே ஆட்டங்கள். ஆட்டத்துக்கு 12 நிமிடம் வீதம் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். கணக்கு கச்சிதம் என்று எனக்குள் ஒரு பெருமை.

நடந்தது என்ன? இருப்பதிலேயே கெட்டிக்காரர்களான இரண்டு பிள்ளைகள் சீட்டுக் குலுக்கலில் முதல் சுற்றிலேயே மோதிக்கொண்டார்கள். பதினொன்றரை மணிக்கெல்லாம் எட்டுப் பேர் வெளியே. தோற்ற பிள்ளை சும்மா போகுமா? அப்பா, அம்மா, பாட்டி எல்லாரையும் கூட்டிக்கொண்டு போயிற்று. இறுதி ஆட்டம் 6-0. அதைப் பார்க்க மண்டபத்தில் இருந்தவர்கள் ஒன்பது பேர், மைக் செட்காரரையும் சேர்த்து.

வெளியே போன எட்டுப் பேரில் என் மகள் வயிற்றுப் பேரனும் ஒருவன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவன் பேசவில்லை. இரவு சாப்பிடும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "தாத்தா, பத்து நிமிஷம் ஆடவா நான் ரெண்டு மாசம் பழகினேன்?"

என்னிடம் பதில் இல்லை.

பேரனிடம் பாடம்

அந்தக் கோடை விடுமுறையில் நான் மாணவன், அவன் வாத்தியார். உலகத்தில் இந்தப் போட்டிகளை எப்படி நடத்துகிறார்கள் என்று உட்கார வைத்துக் காட்டினான். முதலில் எனக்கு ஏற்பட்டது வியப்பு. 'டோட்டா 2' என்ற விளையாட்டுக்கு 'தி இன்டர்நேஷனல்' என்றொரு போட்டி 2011-இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் தொடங்கியது. 2021-இல் அதன் மொத்தப் பரிசுத் தொகை 4 கோடி டாலர்! 2023-இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இ-ஸ்போர்ட்ஸுக்கும் பதக்கம் கொடுத்தார்கள். நம் நாட்டில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்தது. இ-ஸ்போர்ட்ஸை முறையான விளையாட்டாக ஏற்றுக்கொண்டது. சூதாட்டம் என்று அஞ்சும் பெற்றோர் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஆனால் என்னை ஈர்த்தது பணமோ பதக்கமோ அல்ல, போட்டி நிரல்தான். ஆடுபவருக்கு நியாயமாகவும் இருக்க வேண்டும். போகிற போக்கில் எட்டிப் பார்ப்பவருக்கும் புரிய வேண்டும். இந்த இரண்டும் ஒரே வண்டியில் பூட்டிய இரண்டு மாடுகள். ஒன்று கிழக்கே இழுத்தால் மற்றது மேற்கே இழுக்கும்.

எட்டிப் பார்ப்பவர் கேட்பவை மூன்றே கேள்விகள். யார் யாரோடு ஆடுகிறார்கள்? தோற்றால் என்ன ஆகும்? எப்போது முடியும்? இந்த மூன்றுக்கும் அரை நிமிடத்தில் பதில் கிடைக்காவிட்டால் அவர் வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார். அவர்மேல் தப்பில்லை.

நான்கு வழிகள்

நாக்-அவுட் முறையில் மூன்று கேள்விகளுக்கும் பதில் பளிச்சென்று கிடைக்கும். ஆனால் ஒரு சறுக்கலில் ஆள் காலி. எல்லாரும் எல்லாரோடும் ஆடும் லீக் முறைதான் மிகவும் நியாயமானது. ஆனால் பதினாறு பேருக்கு 120 ஆட்டங்கள். 12 நிமிடம் வீதம் சரியாக 24 மணி நேரம்! மேலும் லீக்கின் கடைசிக் கட்டத்தில், ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றுதான் என்ற ஆட்டங்கள் வந்துவிடும். அவற்றை ஆடுபவனே ரசிப்பதில்லை. பார்ப்பவன் ஏன் ரசிக்க வேண்டும்?

சில நேரம் இதைவிட மோசமும் நேரும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்கள் இரட்டையர் பாட்மின்டனுக்கு முதல் கட்டமாக லீக் முறை வைத்தார்கள். அடுத்த கட்டத்தில் பலமான எதிரியைத் தவிர்க்க வேண்டும் என்று சில ஜோடிகள் வேண்டுமென்றே தோற்கப் பார்த்தார்கள். சர்வீஸை வலையில் அடித்தார்கள். அரங்கமே கூச்சலிட்டது. சீனா, தென்கொரியா, இந்தோனேசியா நாடுகளைச் சேர்ந்த நான்கு ஜோடிகள் தகுதி நீக்கம் செய்யப்பட்டன. அவர்கள் செய்தது தவறுதான். ஆனால் தோற்பதில் லாபம் வைத்து நிரல் போட்டவர்களுக்கும் அதில் பங்கு உண்டு என்பேன்.

மூன்றாவது, இரண்டு முறை தோற்றால்தான் வெளியே என்ற முறை. ஒரு முறை தோற்றவர்கள் கீழ்ப் பட்டியலுக்கு இறங்குவார்கள். அங்கேயும் தோற்றால்தான் வீட்டுக்கு. சற்று முன் சொன்ன டோட்டா போட்டியில் 2021-இல் 'டீம் ஸ்பிரிட்' என்ற அணி இப்படிக் கீழே இறங்கி, அங்கிருந்து ஒவ்வொரு படியாக ஏறி வந்து கோப்பையைத் தட்டிச் சென்றது. சண்டை விளையாட்டுகளுக்கான 'ஈவோ' போட்டியிலும் இதே முறைதான். 2004-இல் கலிபோர்னியாவில் நடந்த ஈவோவில், ஜப்பானின் டைகோ உமேஹாராவுக்கும் அமெரிக்காவின் ஜஸ்டின் வாங்குக்கும் நடந்த ஆட்டத்தின் ஒரு துண்டைப் பேரன் காட்டினான். டைகோவின் பாத்திரத்துக்கு உயிர்க்கோடு அநேகமாகத் தீர்ந்துவிட்டது. இன்னும் ஓர் அடி பட்டால் ஆட்டம் முடிந்தது. எதிரி சரமாரியாக அடிக்கிறான். டைகோ ஒவ்வோர் அடியையும் தடுத்து, திருப்பி அடித்து ஜெயிக்கிறார். கூட்டம் எழுந்து கத்துகிறது. அந்த விளையாட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். திரையின் மேலே இருக்கும் உயிர்க்கோடு யாருக்கும் புரியுமே!

இதில் இன்னொரு விஷயம். அது இறுதி ஆட்டமே அல்ல. கீழ்ப் பட்டியலின் கடைசி ஆட்டம். அதாவது இருவருமே அதற்கு முன் ஒரு முறை தோற்றவர்கள். என்னைப் போல நாக்-அவுட் போட்டிருந்தால் அந்த ஆட்டமே நடந்திருக்காது. அடுத்து வந்த இறுதியில் டைகோ தோற்றுப் போனார். ஆனால் இன்று வரை உலகம் பேசுவது தோற்றவர்கள் இருவர் மோதிய அந்த ஆட்டத்தைத்தான்.

இந்த முறைக்கும் ஒரு குறை உண்டு. "முந்தாநாள் தோத்தவன்தானே இவன்? இறுதி ஆட்டத்துல எப்படி வந்தான்?" என்று என் மனைவி கேட்டாள். பேரன் இரண்டு பட்டியலையும் வரைந்து விளக்கினான். அவளுக்குப் பிடிபடவில்லை. உடனே நான், "நம்ம ஐ.பி.எல். மாதிரிதான். முதல் ரெண்டு இடத்துக்கு இன்னொரு வாய்ப்பு உண்டே!" என்றேன். "ஓ, அதுவா?" என்றாள். 2011 முதல் ஐ.பி.எல். கடைசிக் கட்டம் இப்படித்தான் நடக்கிறது. 2013-இல் டில்லியில் சென்னையிடம் தோற்ற மும்பை, ராஜஸ்தானை வென்று மீண்டு வந்து, கொல்கத்தா இறுதியில் அதே சென்னையை வென்றதை அவள் இன்னும் மறக்கவில்லை; மன்னிக்கவும் இல்லை. ஆக, முறை சிக்கலாக இருப்பது குற்றமல்ல. ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியாமல் இருப்பதுதான் குற்றம்.

நான்காவது, சுவிஸ் முறை. 1895-இல் ஜூரிச் நகரச் சதுரங்கப் போட்டியில் பிறந்தது. 2022-இல் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாடின் பதினொரு சுற்றுகளும் இந்த முறையில்தான் நடந்தன. ஒரே அளவு வெற்றி பெற்றவர்களை ஒருவரோடொருவர் மோதவிடுவது இதன் சாரம். 'கவுன்டர்-ஸ்டிரைக்' விளையாட்டின் பெரிய போட்டிகள் 2017-இலும், 'லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்' உலகப் போட்டி 2023-இலும் இதைக் கைக்கொண்டன. ஆனால் ஒரு நல்ல மாற்றத்தோடு: மூன்று வெற்றி என்றால் மேலே, மூன்று தோல்வி என்றால் வெளியே. பதினாறு அணிகளுக்கு 33 ஆட்டங்கள். எந்த அணிக்கும் ஐந்துக்கு மேல் கிடையாது. கடைசியில் இரண்டு வெற்றி, இரண்டு தோல்வி என்று நிற்கும் அணிகள் மோதும். வென்றவர் மேலே, தோற்றவர் வீட்டுக்கு. வழிப்போக்கரும் நின்று பார்க்கும் ஆட்டம் அது.

அறுபத்து நான்கு பேர் ஒரே களத்தில்

நம் பிள்ளைகள் கைப்பேசியில் ஆடும் பி.ஜி.எம்.ஐ. வகை வேறு. நால்வர் கொண்ட பதினாறு அணிகள், ஆக 64 பேர், ஒரே களத்தில் இறங்குகிறார்கள். கடைசி வரை நிற்கும் அணிக்கு 10 புள்ளி, அடுத்து 6, 5, 4 என்று இறங்கும். வீழ்த்தும் ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி. 2022-இல் இதன் ஒரு பெரிய போட்டியை ஸ்டார் ஸ்போர்ட்ஸ் 2 தொலைக்காட்சியிலேயே காட்டினார்கள். எங்கே யார் சுடுகிறார்கள் என்பது எனக்குப் புரிவதற்குள் சுடப்பட்டவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அதையும் கண் பழகிக்கொள்ளும். பெரிய சிக்கல் புள்ளிக் கணக்குதான். பல ஆட்டங்களின் புள்ளிகளைக் கூட்டிப் பார்ப்பதால், கடைசி ஆட்டத்துக்கு முன்பே சாம்பியன் யார் என்று முடிவாகிவிடலாம். அல்லது கடைசி ஆட்டத்தில் ஏழாவதாக வந்த அணி கோப்பையைத் தூக்கலாம். கணக்குப்படி சரி. பார்ப்பவனுக்கு, கல்யாண வீட்டில் தாலி எப்போது கட்டினார்கள் என்றே தெரியாமல் பந்தியில் உட்கார்ந்த மாதிரி!

இதே வகையைச் சேர்ந்த 'அப்பெக்ஸ் லெஜெண்ட்ஸ்' போட்டியின் இறுதிக் கட்டத்தில் இதற்கொரு மருந்து கண்டுபிடித்தார்கள். ஓர் அணி முதலில் 50 புள்ளிகள் எட்ட வேண்டும், எட்டியபின் ஏதாவது ஓர் ஆட்டத்தில் முதலாவதாக வர வேண்டும், அப்போதுதான் கோப்பை. ஆகவே கடைசி ஆட்டத்தின் கடைசி நொடியில்தான் சாம்பியன் பிறப்பான். அருமையான யோசனை. ஆனால் எத்தனையாவது ஆட்டத்தில் முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. புறப்படும் நேரம் போட்டு, சேரும் நேரம் போடாத வண்டி மாதிரி. ரயில்வேக்காரன் மனசு இதற்கு ஒப்புமா? நியாயம், தெளிவு, நேரம் மூன்றையும் முழுசாகத் தரும் முறை ஒன்றுகூட எனக்குத் தட்டுப்படவில்லை. எதை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதுதான் கேள்வி.

பழைய விளையாட்டுகளும் விட்டுக்கொடுத்தே வளர்ந்தன. எங்கள் காலத்து வாலிபாலில் சர்வீஸ் போட்ட அணிக்குத்தான் புள்ளி. பதினைந்து எடுப்பதற்குள் சில நாள் பொழுது சாய்ந்துவிடும். 1990-களின் கடைசியில் ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி, 25-க்கு ஒரு செட் என்று மாற்றினார்கள். "விளையாட்டே போச்சு!" என்று நாங்கள் இன்ஸ்டிட்யூட் வாசலில் நின்று புலம்பினோம். அடுத்த போட்டியில் குடும்பத்தோடு வந்தவர்கள் கடைசி வரை இருந்தார்கள். புலம்பல் தானாக நின்றது.

சிவப்பு, மஞ்சள், பச்சை

2026 பொங்கலுக்குப் பேரனும் நானும் சேர்ந்தே நிரல் போட்டோம். தென்கொரியாவில் 'ஸ்டார்கிராஃப்ட் 2' லீக்கில் கையாண்ட ஒரு முறையை எடுத்துக்கொண்டோம். நால்வர் கொண்ட நான்கு குழுக்கள். குழுவுக்குள் இரண்டு வெற்றி என்றால் மேலே, இரண்டு தோல்வி என்றால் வெளியே. குழுவுக்கு ஐந்தே ஆட்டங்கள். எந்தப் பிள்ளைக்கும் இரண்டு ஆட்டம் நிச்சயம். பிறகு எட்டுப் பேருக்கு நாக்-அவுட். மொத்தம் 27 ஆட்டங்கள். குழுக்களின் முதல் நான்கு ஆட்டங்களை ஓரத்தில் இரண்டு தொலைக்காட்சிப் பெட்டிகளில் நடத்துவது. வென்றவர் மேலே, தோற்றவர் வெளியே என்ற ஐந்தாவது ஆட்டத்தை மட்டும் மேடையில் பெரிய திரையில் காட்டுவது. முந்தைய ஆண்டு நன்றாக ஆடிய நால்வரையும் நான்கு குழுக்களில் தனித்தனியாகப் போட்டோம். டம்ளருக்கு ஓய்வு கொடுத்தாயிற்று.

என் பங்குக்கு ஒரு பலகை செய்தேன். வேகமாகப் போகும் வண்டியின் ஓட்டுநருக்கு சிக்னல் கண்ணில் பட்ட நொடியில் புரிய வேண்டும். நின்று படிக்க நேரம் கிடையாது. எட்டிப் பார்க்கும் பார்வையாளரும் அப்படித்தான். ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு வட்டம். இன்னும் தோற்கவில்லை என்றால் பச்சை. ஒரு முறை தோற்றால் மஞ்சள். இரண்டு முறை தோற்றால் சிவப்பு. அவ்வளவுதான்.

பேரன் முதல் ஆட்டத்திலேயே தோற்றான். மஞ்சள் வட்டத்தை என் கையாலேயே ஒட்டினேன். அப்போது சமையற்கட்டிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்த ஒரு மாமி என்னிடம் கேட்டார்: "தோத்தவனுக்கு அடுத்த ஆட்டம் உண்டா?"

"உண்டு மாமி. மஞ்சள்னா இன்னொரு வாய்ப்பு. சிவப்பானா வீட்டுக்கு."

"அப்படின்னா அந்த மஞ்சள் பையன் அடுத்து எப்போ ஆடறான்? சொல்லுங்கோ, வந்து பார்க்கிறேன்."

வந்தார். தனியாக வரவில்லை, இன்னும் மூன்று பேரை அழைத்து வந்தார். பேரன் இரண்டாவது ஆட்டத்தில் ஜெயித்தான். ஐந்தாவது ஆட்டம் பெரிய திரைக்கு வந்தது. மண்டபத்தில் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. 2-2 என்று போய், கடைசி நிமிடத்தில் ஒரு கோல் வாங்கி அவன் தோற்றான். மாமிகள் "அடடா!" என்ற சத்தம் வாசல் வரை கேட்டது. சிவப்பு வட்டத்தை ஒட்ட எனக்குக் கை வரவில்லை. அவனே வந்து வாங்கி ஒட்டினான்.

நான் எதிர்பார்த்தபடி அவன் வீட்டுக்குப் போகவில்லை. மைக் அருகே போய் நின்றான். காலையிலிருந்து வர்ணனை ஹிந்தியிலும் இங்கிலீஷிலும் போய்க்கொண்டிருந்தது. பாட்டிமாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இவன் தமிழில் ஆரம்பித்தான். வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் ஹிந்தியில் பதில் சொல்கிற பிள்ளை அவன். "பச்சை சட்டை போட்டவங்க நம்ம பக்கத்துத் தெரு அக்கா. இவங்க ஜெயிச்சா அரையிறுதி" என்று தொடங்கி, வார்த்தை கிடைக்காதபோது என் பக்கம் திரும்பி, "தாத்தா, 'கார்னரு'க்குத் தமிழ்ல என்ன?" என்று மைக்கிலேயே கேட்டான். மண்டபம் சிரித்தது. யாரோ பின்வரிசையிலிருந்து பதில் சொன்னார்கள். சாயங்காலம் வரை அவன் குரல் ஓயவில்லை.

எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்லமாட்டேன். மத்தியானச் சாப்பாடு ஐம்பது நிமிடம் தாமதமாயிற்று. சர்க்கரைப் பொங்கல் ஆறிவிட்டது என்று செயலாளர் இன்னும் சொல்லிக் காட்டுகிறார். இறுதி ஆட்டமும் அப்படியொன்றும் விறுவிறுப்பாக இல்லை. நல்ல நிரல் நல்ல ஆட்டத்துக்கு இடம் கொடுக்கும். ஆட்டத்தை அதனால் ஆடித் தர முடியாது. ஆனால் பரிசளிப்பின்போது நாற்காலிகள் காலியாக இல்லை. காலையிலேயே தோற்ற பிள்ளைகளில் பெரும்பாலோர் கைதட்டிக்கொண்டு இருந்தார்கள்.

அடுத்த பொங்கலுக்கு இப்போதே இருபத்து நான்கு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இதில் ஒரு சிக்கல். நால்வர் வீதம் ஆறு குழுக்கள். குழுவுக்கு இருவர் என்றால் பன்னிரண்டு பேர் மேலே வருவார்கள். பன்னிரண்டு பேருக்கு நேராக நாக்-அவுட் போட முடியாது. நாலு பேருக்கு முதல் சுற்று ஆடாமலே 'பை' கொடுத்தாக வேண்டும். குழுவில் முதலிடம் பிடிப்பவர்களோ ஆறு பேர். அந்த ஆறில் எந்த நாலு பேருக்குக் கொடுப்பது? எந்த இருவரிடம் இல்லை என்பது? அதை மாமிக்கு ஒரே வாக்கியத்தில் எப்படிச் சொல்வது? பேரனும் நானும் பத்து நாளாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். யோசனை உள்ள அன்பர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலை சங்கத்துக்கு வந்தால் பலகையும் சுண்ணாம்புக்கட்டியும் தயாராக இருக்கும். பேரனும் இருப்பான்.